குப்புறக் கிடக்கும் ஐந்தாறு மணி நேரம்

முதுகுத்தண்டு வளைவைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை முடிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் மகளைப் பார்க்கத் தாயை உள்ளே விடுகிறார்கள். அவர் கண்ணில் முதுகு படுவதில்லை. அது கட்டுக்குள், மெத்தையோடு ஒட்டிக் கிடக்கிறது. தெரிவது முகம் மட்டும்தான். காலையில் இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பிய பிள்ளையின் முகம் ஆள் அடையாளம் தெரியாமல் உப்பியிருக்கிறது. இமைகள் தடித்து, கண் பாதிதான் திறக்கிறது. உதடு பெருத்திருக்கிறது. நெற்றியிலும் தாடையிலும் அழுந்திய தடங்கள் சிவந்து கிடக்கின்றன. “முதுகுலதானே ஆபரேஷன் பண்ணுனாங்க, மூஞ்சி ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?” என்று அவர் பதறுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு மிகத் தெளிவான பதிலும் இருக்கிறது. அந்தப் பதிலை அவர் அந்த அறையில் வந்து கேட்கும்படி விட்டிருக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே, ஒரு வாரம் முன்னதாகவே, யாராவது உட்கார்ந்து அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்காகத்தான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கூன் என்பது முதுகு முன்னோக்கி வளைவது. ஸ்கோலியோசிஸ் வேறு. அதில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. அந்த முறுக்கலால்தான் விலா எலும்புகள் ஒரு பக்கம் பின்னால் துருத்துகின்றன. எக்ஸ்ரே படத்தில் 10 பாகைக்கு மேல் வளைவு இருந்தால் ஸ்கோலியோசிஸ் என்பது கணக்கு. இந்த அளவீட்டு முறையை 1948-இல் வகுத்தவர் நியூயார்க் மருத்துவர் ஜான் காப். இன்றும் அவர் பெயரில் காப் கோணம் என்றே சொல்கிறார்கள். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் காரணம் தெரியாத வகை. சிறு வளைவுகள் ஆண், பெண் இருபாலரிடமும் உண்டு. வளர்ந்து பெரிதாகும் வளைவுகள் பெருமளவு பெண் பிள்ளைகளிடம்தான். பள்ளிப்பை தூக்கியதால் வந்தது, கோணலாக உட்கார்ந்ததால் வந்தது என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோரைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அதற்கு ஆதாரமே கிடையாது.

நம் ஊர்களில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரங்களில் மருத்துவர் அல்ல. சுடிதாருக்கு அளவெடுக்கும் டெய்லர், “ஒரு தோள் எறங்கி இருக்கும்மா” என்பார். துப்பட்டா மறைத்துவிடுவதால் வீட்டில் கண்ணில் படுவதில்லை. பிள்ளையை நிற்கவைத்து, கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் விவரித்த சோதனை இது. செலவில்லாதது, வீட்டிலேயே செய்யக்கூடியது. வளைவு 25 பாகையைத் தாண்டி, வளர்ச்சியும் மீதமிருந்தால் உடலைச் சுற்றி அணியும் பிரேஸ். 45, 50 பாகையைத் தாண்டினால் அறுவை சிகிச்சை. தூத்துக்குடியை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2000-இல் தொடங்கப்பட்டது. மாவட்டத்து மக்களுக்கு அது பெரிய பலம். இருந்தாலும் இந்த அறுவை சிகிச்சைக்கென்று குடும்பங்கள் மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பயணப்படுவது வழக்கம். வீடு தொலைவில், ஊர் புதிது, செலவு பெரிது. அந்த நிலையில் வீங்கிய முகத்தைப் பார்க்கும் அதிர்ச்சி இன்னும் கூடுதலாகத் தாக்குகிறது.

முகம் வீங்குவது ஏன் என்பதற்கு வருவோம். முதுகெலும்பில் திருகாணிகள் பொருத்தி, அவற்றை உலோகக் கம்பிகளால் இணைத்து, வளைவை நிமிர்த்துவார்கள். அதற்குப் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்தே ஆகவேண்டும். நான்கு மணி நேரம் ஆகலாம். எட்டு மணி நேரமும் ஆகலாம். அவ்வளவு நேரமும் முகம் தரையைப் பார்த்திருக்கும்.

நம் மெல்லிய ரத்த நாளங்களுக்குள், அதாவது தந்துகிகளுக்குள், இரண்டு விசைகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதம், முக்கியமாக ஆல்புமின், நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் பாதரச அளவில் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவை ஒட்டியே நிற்கின்றன. இங்கிலாந்தின் உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் இந்தச் சமநிலையை விளக்கினார். இந்தத் தராசு சற்றே சாய்ந்தாலும் போதும், நீர் நாளத்தை விட்டு வெளியேறித் திசுக்களில் தேங்கும். அதைத்தான் வீக்கம் என்கிறோம்.

குப்புறக் கிடக்கும் பிள்ளையிடம் இந்தத் தராசைச் சாய்ப்பவை பல. முகம் உடலின் தாழ்ந்த பகுதிகளில் ஒன்றாகிவிடுவதால், அங்கிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்புவது மந்தமாகிறது. கழுத்து கொஞ்சம் அதிகமாக மடங்கியோ திரும்பியோ இருந்தால் கழுத்துச் சிரைகள் நெரிபட்டு, தேக்கம் இன்னும் கூடும். மயக்க மருந்து நாளங்களைத் தளர்த்துகிறது. இமை கொட்டுவதில்லை, வாய் அசைவதில்லை, தசை அசைவால் நகரும் நிணநீரும் நின்றுபோகிறது. இவற்றோடு சிரை வழியாக ஏற்றப்படும் உப்பு நீர். ரத்த இழப்பை ஈடுகட்ட அது தேவை. ஆனால் அதில் பெரும்பகுதி சிறிது நேரத்திலேயே நாளங்களை விட்டுத் திசுக்களுக்குள் போய்விடும். அது எங்கே தேங்கும்? தாழ்ந்த இடத்தில், தளர்ந்த தோலில். மனித உடலில் மிகத் தளர்வான தோல் கண் இமைகளில் இருக்கிறது. முதலில் இமை வீங்குவது அதனால்தான்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இதே இயற்பியலை வேறொரு விதத்தில் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள், அவர்களுக்கு முன் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் முத்துக்குளித்தவர்கள். முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்த தொடரோடு இந்தக் கரையில் நின்றுபோனது, சங்குக்குளிப்பு தொடர்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். முகக்கண்ணாடி அணிந்து 10 மீட்டர் இறங்கினால், கண்ணாடிக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும். மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை ஊதி அதை நிரப்ப வேண்டும். நிரப்ப மறந்தால் கண்ணாடிக்குள் அழுத்தம் குறைந்து, முகத்தை அது உறிஞ்சிப் பிடிக்கும். நாளங்களுக்குள் இருக்கும் அழுத்தம் அப்படியே இருக்க, வெளியே குறைந்துவிடுகிறது. நீர் இமைகளுக்குள் கசிகிறது, சிறு நாளங்கள் வெடிக்கின்றன. மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினால் முகத்தில் கண்ணாடியின் வட்டம் அச்சு வார்த்தது போல வீங்கியிருக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதி ரத்தச் சிவப்பாக இருக்கும். பார்க்கிறவர் அலறிவிடுவார். பார்வை நன்றாக இருந்து, வலி இல்லையென்றால் ஓரிரு வாரத்தில் தானே சரியாகிவிடும்.

கடலில் வெளி அழுத்தம் குறைந்ததால் வீக்கம். அறுவைக்கூடத்தில் உள் அழுத்தம் கூடியதால் வீக்கம். இரண்டிலும் தராசு ஒன்றே. இரண்டிலும் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றே: வீங்கியிருப்பது தோலும் இமையும் மட்டும்தானா, கண்ணுக்குள்ளும் ஏதாவது ஆகியிருக்கிறதா?

அதற்குள் போவதற்கு முன், ஏன் அவ்வளவு பிடிவாதமாகக் குப்புறப் படுக்கவைக்கிறார்கள், அதுவும் வயிறு எதிலும் படாமல் ஏன் தொங்கவிடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1940-இல் அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் ஆஸ்கார் பேட்சன் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலைப் பற்றி எழுதினார். அந்தச் சிரைகளில் கதவுகள் கிடையாது. கால் சிரைகளில் ரத்தம் ஒரே திசையில் ஓட வால்வுகள் இருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. அழுத்தம் எந்தப் பக்கம் கூடினாலும் ரத்தம் எதிர்ப்பக்கம் ஓடும். குப்புறப் படுத்தவரின் வயிறு மெத்தையில் நசுங்கினால் வயிற்றுக்குள் இருக்கும் பெருஞ்சிரை அழுந்துகிறது. கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இதயத்துக்குப் போகவேண்டிய ரத்தம் வழி அடைபட்டு, இந்தக் கதவில்லாச் சிரைகளுக்குள் புகுந்து முதுகெலும்பைச் சுற்றி நிரம்புகிறது. அறுவை மருத்துவர் கத்தி வைக்கும் இடமே அதுதான். ரத்தம் பெருகி வழிகிறது.

1960-களில் இந்தச் சிக்கல் உச்சத்தில் இருந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த பால் ஹாரிங்டன், போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக உலோகத் தண்டு ஒன்றை உருவாக்கி, 1962-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். அறுவை சிகிச்சை பரவியது. ரத்த இழப்பும் கூடவே பரவியது. டொரோண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ரெல்டன் என்ற மயக்கவியல் மருத்துவரும் ஹால் என்ற எலும்பு அறுவை மருத்துவரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1967-இல் அவர்கள் வெளியிட்டது புது மருந்தும் இல்லை, புது அறுவைக் கருவியும் இல்லை. நான்கு மெத்தைக் கட்டைகள் கொண்ட ஒரு சட்டகம். இரண்டு கட்டைகள் மார்பின் பக்கவாட்டில், இரண்டு இடுப்பெலும்பின் பக்கவாட்டில். உடல் அந்த நான்கின் மேல் நிற்கும். நடுவில் வயிறு காற்றில் தொங்கும். சிரை அழுந்தாது, ரத்தம் தன் வழியே போகும், அறுவைப் பரப்பில் ரத்தக்கசிவு குறையும். இன்று பெரிய மருத்துவமனைகளில் காணும் ஜாக்சன் மேசையும் இதே தத்துவத்தின் மேல் நிற்பதுதான்.

இதைப் பெற்றோருக்குச் சொல்லும்போது நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன். உங்கள் மகளின் முகத்தில் வீக்கம் வருவதற்குக் காரணமான அதே படுக்கை நிலைதான், அவள் உடலிலிருந்து ரத்தம் வீணாகாமல் காக்கிறது. ரத்தம் குறைவாகப் போனால் ஏற்றவேண்டிய நீரும் குறைவு. நீர் குறைந்தால் முக வீக்கமும் குறைவு. வயிற்றைத் தொங்கவிடும் அந்த ஒரு ஏற்பாடு முகத்துக்கும் சேர்த்தே நன்மை செய்கிறது.

கத்தி வைக்கும் முன் அறுவைக்கூடத்தில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது புரியும். பிள்ளைக்குச் சக்கரக் கட்டிலில் மல்லாக்கப் படுத்த நிலையிலேயே மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது. மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழல். அதைப் பிளாஸ்திரியால் நன்றாக ஒட்டுகிறார்கள். குப்புறத் திருப்பிய பிறகு அது நழுவினால் மறுபடி போடுவது பெரும்பாடு. கண்களில் களிம்பிட்டு இமைகளை மூடி ஒட்டுகிறார்கள். பிறகு ஐந்தாறு பேர் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். தலையும் குழலும் மயக்கவியல் மருத்துவர் கையில். எண்ணிக்கை சொல்வது அவர் மட்டும். மூன்று என்றதும் கழுத்தும் முதுகும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்பி, மேசை மேல் குப்புற இறங்குகின்றன. அடுத்த இருபது, முப்பது நிமிடம் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. வயிற்றுக்கடியில் கையை விட்டு அது தாராளமாகத் தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மார்பு கட்டையில் நசுங்காமல் ஒதுக்குகிறார்கள். கைகள் தோளுக்கு மேல் 90 பாகையைத் தாண்டி விரியாமல், முழங்கைக்கடியில் பஞ்சு வைத்து, தோள் நரம்பு இழுபடாமல் வைக்கிறார்கள். கால் விரல்கள் எதிலும் இடிக்காமல் தொங்குகின்றன.

முகத்துக்கென்று தனி மெத்தை இருக்கிறது. நெற்றிக்கும் தாடைக்கும் தாங்கல், கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் வெட்டிவிட்ட இடம். சில மெத்தைகளுக்கு அடியில் கண்ணாடி பதித்திருக்கும். மயக்கவியல் மருத்துவர் குனிந்து அந்தக் கண்ணாடியில் இரண்டு கண்களும் எதிலும் அழுந்தவில்லை என்று பார்க்கிறார். கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை, அறுவை முடியும்வரை, அதே குனிவு, அதே பார்வை. முதுகில் நடக்கும் வேலையின் அதிர்வில் தலை மெல்ல நகரக்கூடும் என்பதால், தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தது போதாது. சில மருத்துவமனைகளில், குறிப்பாகக் கடுமையான வளைவுகளில், தலையோட்டில் சிறு ஊசிமுனைப் பிடிப்பான் பொருத்தித் தலையை நிறுத்துவார்கள். அப்போது முகம் எதன் மேலும் படாது.

படுக்கவைக்கும் விதம் முதுகெலும்பின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதும் முக்கியம். மல்லாக்கப் படுத்து எடுத்த ஸ்கேனில் இருக்கும் நிலை, குப்புறக் கிடத்தியபின் அப்படியே இருப்பதில்லை. கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியை மேசையில் கிடத்திய பிறகு அங்கேயே முப்பரிமாணப் படம் எடுத்து, அதன் வழிகாட்டலில் திருகாணி பொருத்தினார்கள். வழக்கமான முறையில் பொருத்திய திருகாணிகளில் 23 விழுக்காடு எலும்பின் சுவரைத் தாண்டியிருந்தன. படத்தின் வழிகாட்டலில் பொருத்தியவற்றில் 2 விழுக்காடுதான். தண்டுவடத்துக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி நடக்கும் வேலையில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில், நம் நோயாளிகளிடம் செய்யப்பட்ட இந்த ஆய்வு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இப்போது கண்ணுக்கு வருவோம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு பார்வை இழப்பு என்பது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999-இல் இத்தகைய நிகழ்வுகளுக்கென்றே ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. 2006-இல் அதிலிருந்த 93 முதுகெலும்பு அறுவை நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். 83 பேருக்கு, பார்வை நரம்புக்கு ரத்தம் போதாமல் போனதே காரணம். 10 பேருக்கு விழித்திரையின் மையத் தமனி அடைபட்டிருந்தது. பார்வை நரம்பு பாதிக்கப்பட்ட நிகழ்வுகளில் நூற்றுக்கு 96-இல் ரத்த இழப்பு ஒரு லிட்டரையோ மயக்க நேரம் ஆறு மணியையோ எட்டியிருந்தது. பெரும்பாலோர் நடுவயதினர். உடல் பருமன், நீண்ட நேரம், அதிக ரத்த இழப்பு, தலை தாழ்ந்துபோகும் ஒருவகைச் சட்டகம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுவதாகப் பின்னர் 2012-இல் தெரியவந்தது.

கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இயல்பாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை. 2001-இல் 20 பேரிடம் செய்த ஆய்வு ஒன்றில், மயக்கத்தில் மல்லாக்க இருந்தபோது சராசரி 13 ஆக இருந்த கண் அழுத்தம், குப்புறத் திருப்பியதும் 27 ஆனது. அறுவை முடியும் கட்டத்தில் 40-ஐத் தொட்டது. கண்ணை எதுவும் அழுத்தவில்லை. படுக்கை நிலையும் நேரமும் மட்டுமே அதைச் செய்தன. பார்வை நரம்புக்குப் போகும் ரத்தம் இந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் உள்ளே போகவேண்டும். அதனால்தான் ரத்த அழுத்தத்தை அதிகம் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதரசம் ரத்தத்தைவிட ஏறத்தாழ 13 மடங்கு கனமானது. அதனால் கண் இதயத்தைவிட 5 செ.மீ. உயரத்தில் இருந்தால், அங்குள்ள சிரை அழுத்தம் 4 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். மேசையைப் பத்துப் பாகை தலைப்பக்கம் உயர்த்தினால் அந்த 5 செ.மீ. கிடைத்துவிடும். தந்துகியின் தராசே 25-ஐ ஒட்டி நிற்கும்போது 4 என்பது சிறிய எண் இல்லை. தலை இதயத்தின் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே, கழுத்து நேராக: அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை இவ்வளவு எளிமையானது. செலவே இல்லாத, கேட்டுப் பெறவேண்டிய பாதுகாப்பு.

நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உதடு வீக்கம் பயமாக இருக்கும். மருத்துவர் பயப்படுவது நாக்குக்கு. அறுவையின்போது தண்டுவடம் நலமாக இருக்கிறதா என்று பார்க்க, தலையில் மின்தூண்டல் கொடுத்துக் கை, கால் தசைகள் துடிக்கின்றனவா என்று கவனிப்பார்கள். அந்தத் தூண்டலில் தாடைத் தசையும் சேர்ந்து இறுகும். நாக்கு பற்களுக்கிடையில் மாட்டினால் கடிபட்டு வீங்கும். கடைவாய்ப் பற்களுக்கிடையில் இருபுறமும் மென்மையான துணிச்சுருள் வைத்து, நாக்கு உள்ளே அடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அதற்காகத்தான்.

அறுவை முடிந்து மல்லாக்கத் திருப்பியபின், முகமும் நாக்கும் அதிகமாக வீங்கியிருந்தால் மயக்கவியல் மருத்துவர் மூச்சுக்குழலை உடனே எடுக்க மாட்டார். குழலைச் சுற்றியுள்ள சிறு பலூனின் காற்றை இறக்கிப் பார்ப்பார். குழலைச் சுற்றிக் காற்று கசிந்தால் தொண்டையில் இடம் இருக்கிறது என்று பொருள், எடுக்கலாம். கசியவில்லையென்றால் உள்ளேயும் வீக்கம் இருக்கிறது. தலையை உயர்த்தி வைத்து, இரவு முழுக்கக் குழலை விட்டுவைப்பார்கள். “ஐசியுவுல இன்னும் டியூப் எடுக்கல” என்ற செய்தி வெளியே காத்திருப்பவர்களைக் கலங்க அடிக்கும். பெரும்பாலும் அது எச்சரிக்கையின் அடையாளம். விபரீதத்தின் அடையாளம் இல்லை. பெருமூளை வாதம், தசைநோய் ஆகியவற்றால் வளைவு வந்த பிள்ளைகளுக்கு அறுவை நீளும், ரத்த இழப்பும் கூடும். அவர்களின் பெற்றோர் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருப்பது நல்லது.

வீக்கம் பொதுவாக ஒன்றிரண்டு நாளில் வடிந்துவிடும். தலைப்பக்கம் முப்பது பாகை உயர்த்தியிருக்க, உட்காரத் தொடங்கிய பிறகு இன்னும் வேகமாக வடியும். ஐஸ் கட்டியை முகத்தில் நேராக வைப்பது, தைலம் தடவுவது, வீங்கிய இமையை அழுத்தித் தேய்ப்பது எதுவும் வேண்டாம். ஆனால் சில அறிகுறிகளுக்கு உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். பிள்ளை விழித்ததும் விரல் காட்டி எத்தனை என்று கேளுங்கள், ஒவ்வொரு கண்ணாக. மங்கல், இருட்டு, பாதிப் பார்வை என்று அவள் சொன்னால் “மயக்கம் தெளியட்டும்” என்று காத்திருக்கக் கூடாது. மூச்சில் கரகரப்பு, எச்சில் விழுங்கமுடியாமை, குரல் மாறுதல் கவலைக்குரியவை. உடலில் தடிப்பும் அரிப்பும் சேர்ந்து வந்தால் அது படுக்கை நிலையால் வந்த வீக்கம் இல்லை. மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். வடிந்த பிறகு மூன்றாம் நாள் மறுபடி வீங்கினாலும், ஒரு பக்கம் மட்டும் வலியோடு சிவந்தாலும் சொல்ல வேண்டும்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் சொல்லவேண்டியவை இன்னும் முக்கியம். காலையில் எழும்போது முகம் உப்புகிறதா? சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம்; ஆல்புமின் குறைந்திருந்தால் தராசு ஏற்கெனவே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பு எப்போதாவது திடீரென்று உதடும் நாக்கும் வீங்கியிருக்கின்றனவா? குடும்பத்தில் கண் அழுத்த நோய் உண்டா? பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறாளா, ஆடும் பல் இருக்கிறதா? மூக்குத்தியையும் தோட்டையும் முந்தின நாள் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். முகமெத்தையில் ஐந்து மணி நேரம் அழுந்தும் மூக்குத்தி தோலைப் புண்ணாக்கும். காலையில் அவசரத்தில் சோப்புப் போட்டுத் திருகிக் கழற்றினால் அந்த வீக்கம் வேறு சேரும். கான்டாக்ட் லென்ஸ் கூடாது. நகப்பூச்சு கூடாது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல்.

எல்லாவற்றையும்விட, பல்வலியோ கன்னத்தில் வீக்கமோ இருந்தால் மறைக்காதீர்கள். தேதி கிடைப்பதே கடினம், லீவு போட்டாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று, சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிவிடுவார்கள் என்று வலி மாத்திரை கொடுத்து அழைத்து வருபவர்கள் உண்டு. சீழ் பிடித்த பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து, புதிதாகப் பொருத்திய கம்பியிலும் திருகாணியிலும் குடியேறினால் அதை மருந்தால் மட்டும் விரட்டுவது மிகக் கடினம். மறுபடி முதுகைத் திறக்க நேரிடும். வாய் சரியாகத் திறக்காத நிலையில் மூச்சுக்குழல் போடுவதும் ஆபத்து. பல்லைக் கவனித்து, வீக்கம் வடிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து வந்தால் முதுகின் வளைவு அதற்குள் பெரிதாக மாறிவிடாது. முன்பதிவு செய்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, முதலில் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.